துணியில் தெரியும் பால்

ஜூலை 29, செவ்வாய்

புத்தூர் ஆஸ்பத்திரியில் விடிகாலையில் பேத்தி பிறந்தாள். பெரியத்தை வெள்ளிச் சங்கில் சர்க்கரைத் தண்ணீரோடு தயாராக நின்றார். "சேனை வைக்காம எப்படி?" நர்ஸ் சங்கை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, "முதல்ல சீம்பால் பாட்டி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள்.

சீம்பால் சில சொட்டுதான். ஆனால் குடலை இளக்க அதுவே போதும். இருட்டுவதற்குள் முதல் மலமான காட்டுப்பீ போய்விட்டது. கன்னங்கரேலென்று, பிசுபிசுப்பாக, வாடையே இல்லாமல். 24 மணி நேரத்துக்குள் போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் இதோடுதான் வெளியேறுகிறது. குடலில் தங்கினால் மறுபடி ரத்தத்தில் சேர்ந்து மஞ்சள்காமாலையைக் கூட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லையாம். காவிரி வெள்ளத்தில் தாய் வரமுடியாமல் போக, ரத்னாவதிக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்த தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்திருந்தோம். மாப்பிள்ளை மலைக்கோட்டை ஏறிச் செலுத்திவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டுப் பெருக்கு துணியில். பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது, இன்று கடுகை அரைத்துக் கரைத்த மாதிரி மஞ்சள். பால் நன்றாக ஊறிவிட்டது. குடிக்கக் குடிக்கவே போகிறாள். பெரியத்தை பேதி என்று பயந்தார். வயிற்றில் பால் இறங்கியதும் குடல் அசைந்துகொடுப்பது பச்சைக் குழந்தைக்கு இயல்பு. சுறுசுறுப்பாகக் குடித்து, நாளுக்கு ஆறு துணியாவது மூத்திரத்தில் நனைந்து, எடையும் ஏறினால் பயமில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாடி வீட்டுக் குழந்தைக்குப் பவுடர் பால். தாய்க்கு உடம்பு முடியாததால் டாக்டர் எழுதிக்கொடுத்தது. நாளுக்கு ஒரு முறைதான் போகிறது. வெளிர் பழுப்பு, கெட்டி, வாடையும் தூக்கல். அந்தப் பெண் கண் கலங்கினாள். பவுடர் பாலுக்கு அது வழக்கம்தான் என்றேன். அதன் கொழுப்பிலுள்ள பால்மிடிக் அமிலம் குடலில் கால்சியத்தோடு கூடிக் கரையாத சோப்பாகிவிடுகிறது, அதனால்தான் இறுகுகிறது.

அவள் மாமியார் மட்டும் சத்துக்கென்று ஒரு கரண்டி பவுடர் கூடப் போடுகிறாராம். அது கூடாது. கூட்டினால் மலச்சிக்கல், குறைத்தால் பட்டினி. டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. அதே டப்பாவில் தாய்ப்பாலே சிறந்தது என்றும் அச்சடித்திருக்கிறது. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம், குழந்தைப் படம் போடவும் தடை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெள்ளிக்கிழமை மலம் போன பேத்தி இன்னும் போகவில்லை. பெரியத்தை வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து எடுத்துவந்துவிட்டார். "உங்கம்மாவுக்கே இப்படித்தான் வெச்சேன்" என்று மகளிடம் சொன்னார். மகள் குழந்தையின் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மெத்தென்று இருந்தது. வாந்தி இல்லை, அழுகை இல்லை, மூத்திரம் வழக்கம்போல். தாய்ப்பாலில் சக்கை குறைவு. ஆறு வாரம் கடந்தபின் சில குழந்தைகள் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும், கடைசியில் இளக்கமாகவே போகும். அது மலச்சிக்கல் இல்லை. நாள் தவறாமல் போனாலும் புழுக்கை புழுக்கையாக முக்கிப் போனால் அதுதான் சிக்கல். காம்பு, கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது.

சாயங்காலம் துணி, பாய், என் மடி எல்லாம் மஞ்சள்.

பிள்ளை பெற்ற வீட்டாருக்கு ஒரு வார்த்தை: எத்தனை நாளாயிற்று என்று எண்ணுவதைவிட நிறத்தைப் பாருங்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ரத்தம், பச்சை வாந்தி, உப்பிய வயிறு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் பலன் அதிகம்.