அடிமரம் இல்லாத ஆலமரம்

கல்கத்தாவுக்குச் செல்லும் தமிழ் யாத்திரிகர்கள் காளி கோயிலையும் தக்ஷிணேசுவரத்தையும் தரிசித்து, ஹௌரா பாலத்தின் மீது நின்று கங்கையைக் கும்பிட்டுவிட்டு ரயிலேறிவிடுவது வழக்கம். அதே நதியின் மேற்குக் கரையில், சிவபூரில், ஒரு பெரிய விருக்ஷம் இருக்கிறது. அதைக் காணாமல் திரும்பியவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

அது நிற்கும் தாவரத் தோட்டத்தை 1787-இல் அமைத்தவர் கம்பெனி உத்தியோகஸ்தர் ராபர்ட் கிட். செடிகளின் அழகில் கம்பெனியாருக்கு அக்கறை இல்லை. தேக்கும் வாசனைத் திரவியங்களும் இங்கே விளையுமா, லாபம் வருமா என்பதே அவர்கள் கவலை. 2009-இல் அத்தோட்டத்துக்கு ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைச் சூட்டினார்கள். மிகவும் பொருத்தம். ஏன் பொருத்தம் என்பதிலே சிறிது சிக்கலும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

தொலைவிலிருந்து நோக்கினால் ஒரு தோப்பு. அருகே போனாலும் தோப்புத்தான். அடிமரம் எங்கே என்று தேடிச் சுற்றி வந்தோம், கிடைக்கவில்லை. 1864-லும் 1867-லும் அடித்த பெரும் புயல்கள் மரத்தைக் காயப்படுத்தின. காயத்தின் வழியே காளான் நோய் புகுந்தது. 1925-இல், சுற்றளவு ஏறக்குறைய 51 அடி இருந்த அடிமரத்தையே வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. தலையை வாங்கினாலும் பிழைக்கலாம், காலை வாங்கினால் மரம் எப்படிப் பிழைக்கும்? பிழைத்திருக்கிறது! மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளின் மேல் நாலரை ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் நிழல் விரித்து நிற்கிறது. மரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்காக 330 மீட்டர் நீளத்தில் ஒரு பாதை போட்டார்கள். மரம் அந்தப் பாதையையும் தாண்டிப் போய்விட்டது.

இந்த மரத்தின் உச்சிக் கிளை சுமார் 80 அடி உயரம். உச்சியிலுள்ள இலைக்கும் தண்ணீர் வேண்டும். கிணற்று மேட்டிலே பம்பை வைத்து உறிஞ்சினால் நீர் 33 அடிக்கு மேல் ஏறாது என்பது நம் குடியானவர்களுக்குத் தெரியும். அதனால்தானே ஆழக் கிணறுகளில் மோட்டாரை உள்ளே இறக்கி வைக்கிறார்கள்? ஆலமரத்துக்கு மோட்டார் ஏது? இலையோ ஓசையின்றி அசைகிறது.

இந்த வினாவுக்கு விடை காணப் பாடுபட்டவர்களுள் போஸ் ஒருவர். தண்டினுள் மின்சார ஊசி ஒன்றைச் சிறிது சிறிதாகச் செலுத்திச் சோதித்தார். பட்டையின் உட்புறத்திலுள்ள உயிரணுக்கள் இருதயம்போலச் சுருங்கி விரிந்து நீரை மேலே தள்ளுகின்றன என்று முடிவு செய்து, 1923-இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலே வெளியிட்டார். மரத்துக்கும் நாடித் துடிப்பு உண்டு என்ற சொல்லைக் கேட்டு நம் நாட்டவர் உள்ளம் பூரித்ததில் ஆச்சரியமில்லை.

ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. அதற்கு முன்பே ஜெர்மானியப் பேராசிரியர் ஸ்டிராஸ்பர்கர் பெரிய மரங்களை அடியில் அறுத்து, விஷ திரவத்தில் நிறுத்திப் பார்த்திருந்தார். விஷம் தண்டின் உயிரணுக்களைக் கொன்றுகொண்டே மேலே ஏறியது. இலைகள் மடிந்த பிறகே ஓட்டம் நின்றது. தள்ளுவதற்கு உயிருள்ள அணு ஒன்றுமில்லாத தண்டிலும் நீர் ஏறுமானால், அதை ஏற்றுவது எது?

1894-இல் டப்ளின் நகரத்து டிக்ஸனும் ஜோலியும் சொன்ன விடையையே இன்று சாஸ்திரிகள் பெரும்பாலும் ஏற்கின்றனர். நீரைக் கீழிருந்து யாரும் தள்ளவில்லை. மேலிருந்து இலை இழுக்கிறது. இலையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. போன நீரின் இடத்துக்கு அடுத்த நீர் நகர்கிறது. நீரின் அணுத்திரள்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகையால் மயிரினும் மெல்லிய குழல்களுக்குள்ளே இலை முதல் வேர் வரை நீர் ஒரே கயிறுபோல நீண்டு கிடக்கிறது. வெயில் அந்தக் கயிற்றை இழுக்கிறது. மரம் தன் பலத்தைச் செலவிடுவதில்லை. குழல்களோ, உள்ளுயிர் போய் வெறும் சுவர் மட்டும் நிற்கும் செத்த அணுக்கள்!

இழுத்துப் பிடித்த கயிறு அறுவதும் உண்டு. மண் காய்ந்து வெயில் மிகும்போது குழலுக்குள் காற்றுக்குமிழி தோன்றி நீர்த்தொடர் பட்டென்று முறிகிறது. 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் ஆமணக்கு இலைக்காம்பிலே கருவி பொருத்தி அந்த ஓசையைக் கேட்டார்கள். கோடையில் வாடும் செடிக்குள் இப்படிச் சிறு வெடிகள் வெடிப்பது நம் செவிக்கு எட்டுவதில்லை.

அப்படியானால் போஸின் பெயர் இத்தோட்டத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொட்டாற்சுருங்கியின் உடலில் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்பதை அளந்து காட்டியவர் அவர். அது இன்றும் நிற்கிறது. செடி வளரும் நுண்ணிய வேகத்தைக் கண்ணுக்குக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தவரும் அவரே. 1917-இல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் கல்கத்தாவில் நடந்துவருகிறது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியென்று சாதிப்பவர்கள் அவருக்குச் செய்வது மரியாதை ஆகாது. சோதனையின் தீர்ப்புக்கு வணங்குவதையே தம் வாழ்க்கையாகக் கொண்டவர் அவர்.

2020-ஆம் ஆண்டு மே மாதம் அம்பான் புயல் இந்த ஆலையும் தாக்கிற்று. விழுதுகள் சில முறிந்தன. கிளையிலிருந்து தொங்கும் இளம் விழுதுகளை மூங்கிலின் வழியே மண்ணுக்கு இறக்கிவிடுவது தோட்டக்காரர்களின் வழக்கம். தரையைத் தொடும்வரை அந்த விழுதுக்குப் பெரும்பாலும் மேலேயுள்ள கிளைதான் நீர் தருகிறது. மண்ணிலே வேரோடிய பிறகு ஓட்டத்தின் திசை மாறி, விழுது கிளைக்கு நீர் அனுப்பத் தொடங்குகிறது.