நாலு பத்து வண்டி

ஜூன் 7, 2024, வெள்ளி

தேர்தல் நடத்தை விதிகள் நேற்றோடு விலகிவிட்டபடியால், மார்ச் மாதத்தில் பூட்டி முத்திரையிடப்பட்ட என் அலுவலகத்தின் சாவி இன்று திரும்பக் கைக்கு வந்தது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சென்ற ஆண்டு தொகுதி மக்களுக்கு நான் எழுதிய பள்ளித் திறப்பு மடலின் எஞ்சிய பிரதிகள்தாம். கரையான் அவற்றில் பாதியை வாசித்து முடித்திருந்தது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மடல் எழுதி வீடுதோறும் சேர்ப்பிப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு 6-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் 10-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருப்பதால், எழுதுவதற்கு நான்கு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

மடலின் முதல் பத்தியில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். மேலத்தெரு நடுநிலைப் பள்ளியில் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவேன் என்று போன ஆண்டு சொன்னேன், கட்டவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டொன்றுக்கு மூன்று கோடி ரூபாய் உண்டு என்பதை எல்லோரும் அறிவார்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயையும் அவர் தம் கையால் தொடுவதில்லை, வேலையைப் பரிந்துரைப்பது மட்டுமே அவர் பொறுப்பு, அதன் பிறகு மதிப்பீடு, மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று காகிதம் படிப்படியாக நடந்து போக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. நான் பரிந்துரைக் கடிதம் எழுதியதே பிப்ரவரியில். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் மார்ச் 16 வந்துவிட்டது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. விதியின்மேல் பழிபோடுவது சுலபம். ஆனால் நவம்பரில் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தைப் பிப்ரவரி வரையில் தாமதித்தவன் நான்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிகள் திறந்தன. காலை எட்டரை மணி முதல் ஐந்து பள்ளிகளுக்குப் போய் வந்தேன். ஏப்ரல் 19-ஆம் தேதி வாக்குச்சாவடிகளாக இருந்தவை இவை. வகுப்பறைச் சுவர்களில் சாவடி எண்ணும், உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி என்ற அம்புக்குறிகளும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வெளியே போகும் அம்புக்குறியை மட்டும் மிகுந்த சிரத்தையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பலப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியையின் ஆள்காட்டி விரலில், நகம் வளர வளர நுனிக்குத் தள்ளப்பட்டு, வாக்களித்த மையின் கோடு மெலிந்து தெரிந்தது.

விலையில்லாப் பாடநூல்களை என் கையால் வழங்க வேண்டுமென்று ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டார்கள். புகைப்படக்காரரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். இது அடக்கமன்று. குழந்தையின் தகப்பனாரும் தாயாரும் தீப்பெட்டியிலிருந்து சோப்பு வரையில் வாங்கும் ஒவ்வொன்றிலும் கட்டிய வரியில் அச்சான புத்தகத்தை, அந்தக் குழந்தை என்னைப் பார்த்து வணங்கிவிட்டு வாங்குவானேன் என்ற கூச்சமே காரணம். வகுப்பாசிரியை கொடுத்தால் அது வெறும் புத்தகம். நான் கொடுத்தால் தானமாகிவிடுகிறது.

பிற்பகலில் மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். மே 10-ஆம் தேதி வெளியான பத்தாம் வகுப்பு முடிவுகளில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்கிறோமே தவிர, அவர்களில் பதினோராம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. தலைமையாசிரியர் பட்டியலில் மூன்று பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். மூவரும் பெண்கள், மூவரும் ஒரே ஊர்.

ஜூன் 12, புதன்

அந்த ஊருக்குப் போனேன். கரிசல் காட்டின் நடுவே, சீமைக்கருவேலம் இரு பக்கமும் அடைத்து நிற்கும் சாலையில் ஏழு கிலோமீட்டர். முதல் வீட்டில் பெண்ணின் தாயார் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். பள்ளிக் கட்டணமோ, சீருடையோ, கல்யாணமோ ஏதோ ஒன்று காரணமாக இருக்கும் என்று மனத்துக்குள் ஓர் உபதேசத்தைத் தயாரித்துக்கொண்டு போனவன் நான். அந்த அம்மாள் சொன்னது வேறு.

“பீசு இல்ல, பொஸ்தகம் சும்மா குடுக்காக, சைக்கிளும் குடுப்பாக. எல்லாந் தெரியும்யா. பள்ளிக்கூடம் நாலு இருவதுக்கு விடுதாக. எங்க ஊரு பஸ்ஸு நாலு பத்துக்குப் போயிருது. அடுத்த வண்டி ஆறரைக்கு. வந்து எறங்க ஏழே கால் ஆவும். இந்தக் காட்டுப் பாதையில சைக்கிள்ல வரச் சொல்லுதீகளா?”

பத்தாம் வகுப்பு வரையில் அந்தப் பெண் படித்தது உள்ளூர் உயர்நிலைப் பள்ளி. வெளியூர்ப் பள்ளிக்குப் போகத் தொடங்கும் ஆண்டில் பத்து நிமிஷம் குறுக்கே வந்து நிற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடந்து வருகிறது. பேரவையில் அதைப் பற்றி நானும் நீளமாகப் பேசியிருக்கிறேன். இலவசப் பிரயாணச் சீட்டு உண்டு, புதுச் சீட்டு வரும் வரையில் சீருடையைக் காட்டினாலே கண்டக்டர் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவும் உண்டு. ஏறுவதற்கு வண்டி இல்லை என்பதைத்தான் அந்த வீட்டு வாசலில் நின்று நான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் விழா மேடையில் நான்கு முறை ஏறியிருக்கிறேன்; பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேர்கிறார்கள் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பேருந்துப் பணிமனைக்குப் போனேன். அங்கே உள்ளவர்கள் மரியாதை குறையாமல் நடத்தினார்கள். நேரப் பட்டியலை மேஜைமேல் விரித்துக் காட்டினார்கள். நாலு பத்து வண்டி காலை நடைகளோடும் ஓட்டுநர் பணி மாறும் நேரத்தோடும் பின்னிக் கிடக்கிறது. ஓர் இழையை இழுத்தால் நான்கு ஊர்களில் நேரம் மாறும். பள்ளி நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னதாக முடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஒரு பேருந்துக்காக எண்ணூறு பிள்ளைகளின் பாடவேளையைச் சுருக்குவது எனக்குச் சம்மதமில்லை. உத்தரவிட எனக்கு அதிகாரமும் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்தேன். இம்முறை அன்றைக்கே எழுதினேன்.

ஜூன் 19, புதன்

நாளை பேரவை கூடுகிறது. இரவு ரயிலில் சென்னைக்குப் பிரயாணம். புறப்படும் வேளையில் பணிமனையிலிருந்து தகவல் வந்தது. 24-ஆம் தேதி முதல் வண்டி நாலரைக்குப் புறப்படும்.

ஜூலை 2, செவ்வாய்

பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு இன்று தொடங்கியது. மே மாத முடிவுகளில் தவறியவர்கள் எழுதுகிறார்கள். தேர்வு மையத்து வாசலில் நான் போய் நிற்பது அவர்களுக்குக் கலக்கமாக இருக்குமென்று போகவில்லை.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்த நாள். பசியோடிருக்கும் குழந்தைக்குப் படிப்பு ஏறாது என்று 1956-இல் இதே கரிசல் பூமியில், எட்டயபுரத்தில், மதிய உணவைத் தொடங்கி வைத்தவருடைய நாளிலேயே, ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் இன்று விரிவாயிற்று. எங்கள் ஊரில் ஒரே தெருவின் இரு பக்கத்திலும் அரசுப் பள்ளி ஒன்றும் உதவிபெறும் பள்ளி ஒன்றும் இருக்கின்றன. சென்ற ஆகஸ்டு முதல் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் காலையில் சாப்பிட, மறுபக்கத்துப் பிள்ளைகள் மதிற்சுவருக்கு இப்பால் நின்று தாளிதத்தின் மணத்தை மட்டும் அனுபவித்து வந்தார்கள். இன்று இரு பக்கத்திலும் உப்புமாவும் சாம்பாரும். அக்காள் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்து படிக்கும் இருவர், யார் தட்டில் காரட் அதிகம் என்று வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் நாலரை வண்டியில் ஏறிப் பார்த்தேன். வட்டமிட்ட மூன்று பெயர்களில் இரண்டு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பெண் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகத் தொடங்கிவிட்டாளாம். அவள் வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும்.

பின் இருக்கையில், ஈரச் சாக்குப் போர்த்திய பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் உதிரிப் பூ வாங்கி, மத்தியானம் கட்டி முடித்து, நாலு பத்து வண்டியில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விற்கிறவளாம்.

“நீங்கதான் வண்டிய மாத்துனீகளாக்கும்? அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டு வார பொம்பளைகதான் எங்கிட்டப் பூ வாங்குவாக. நான் போய்ச் சேருததுக்குள்ள அவுக வீட்டுக்குப் போயிருதாகய்யா. பிள்ளைக படிக்கட்டும், வேணாங்கல. இந்தக் கூடைய நான் என்ன செய்ய?”

சாக்கை விலக்கிக் காட்டினாள். நேற்று மிஞ்சிய சரம் ஒன்று இன்றைய சரங்களுக்கு அடியில் பழுத்துக் கிடந்தது. அவளுடைய ஊரையும், கூடையோடு அவள் வந்து ஏறும் நிறுத்தத்தையும் டைரியின் இந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். மடலை நாளை அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தது. நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.