மட்டாஞ்சேரியில் பழைய கதவுகள்

தாயகம் சென்று திரும்பும் நம் சங்கத்து அன்பர்கள் பலர் தாம் கண்ட கோயில்களையும் மலைவாசத் தலங்களையும் பற்றி இவ்விதழில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எழுத முற்பட்டிருப்பது ஒரு தெருவைப் பற்றி. அதிலும் பழைய சாமான்கள் விற்கும் தெருவைப் பற்றி. அங்கே செல்வதென்ற திட்டம் எங்களுக்கு முதலில் இருக்கவில்லை. சென்ற விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போனது வேறொரு காரியத்திற்காக.

காரைக்குடிக்கு அருகே எங்கள் சிற்றூரில் பாட்டனார் கட்டிய வீடு ஒன்று உண்டு. நூறாண்டைக் கடந்த வீடு. தாயார் மறைந்த பின் அதில் வாழ்வார் இல்லை. ஓடுகள் சரிந்து, மழைநீர் இறங்கி, பின்கட்டுச் சுவர் ஒன்று படுத்துவிட்டது. பங்குதாரர் நால்வர், பழுது பார்க்கும் வசதி ஒருவருக்கும் இல்லை. ஆகவே விற்பதென்று முடிவாயிற்று. வாங்க வந்தவருக்கு மனைதான் தேவை, வீடு வேண்டியதில்லை. இடித்து அப்புறப்படுத்திக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

செய்தி பரவிய மறுநாளே பழமர வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்தார். தலைவாசல் கதவும் நிலையும், முகப்புத் தூண்கள் இரண்டு, உக்கிராண அறைக் கதவு ஆகிய அனைத்தையும் ஒரே தொகைக்குக் கேட்டார். பத்து நாளில் பதில் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். அந்தப் பத்து நாளில் நான்கு நாளைக் கொச்சியில் வாழும் எங்கள் தங்கையின் வீட்டில் கழித்தோம். மட்டாஞ்சேரியை நாங்கள் கண்டது இவ்வாறுதான்.

கொட்டாங்கச்சித் தரை

எர்ணாகுளத்திலிருந்து படகேறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கினால், அங்கிருந்து மட்டாஞ்சேரி சிறிது தூரமே. வழியெங்கும் பழைய பண்டகசாலைகள். மிளகும் இஞ்சியும் ஏலமும் கப்பலேறிய காலத்தின் சாட்சிகள் அவை. இன்று அவற்றுட் சிலவற்றில் ஓவியக் காட்சிகள் நடைபெறுகின்றன. 2012-ஆம் ஆண்டு தொடங்கிய கொச்சி முசிறிஸ் கலைவிழாவிற்கும் பெரும்பாலும் இத்தகைய பழைய கட்டிடங்களே இடமாயின. இருந்த கிடங்குகளையே கூட்டித் துடைத்துப் பயன்படுத்திக் கொண்டார்கள்.

முதலில் அரண்மனைக்குச் சென்றோம். 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் இதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் டச்சுக்காரர் இதைப் பழுது பார்த்துப் புதுக்கினர். அதனால் கட்டிக் கொடுத்தவர் பெயர் மறைந்து, பழுது பார்த்தவர் பெயரால் டச்சு அரண்மனை என வழங்கலாயிற்று! நாற்புறமும் கட்டிடம், நடுவே முற்றம், முற்றத்தில் பகவதி கோயில். சுவர்களில் இராமாயண ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. வருவோர் எல்லாரும் அண்ணாந்து அவற்றையே பார்க்கின்றனர்.

நாங்களோ கீழே பார்த்தோம். தரை கறுப்புப் பளிங்குபோல் மின்னுகிறது. ஆனால் அது பளிங்கு அன்று. சுட்ட கொட்டாங்கச்சி, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து மெழுகித் தேய்த்த தரை. நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் கலந்து பூசியிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். இரண்டிலும் பயன்பட்டவை அடுக்களையிலும் தோட்டத்திலும் கிடைத்த பொருள்களே. தேங்காயைத் துருவிய பின் நாம் வீசி எறியும் ஓடு, அங்கே மன்னர் நடந்த தரையாகியிருக்கிறது.

யூதர் தெரு

அரண்மனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் யூதர் தெரு. அதன் முடிவில் 1568-ஆம் ஆண்டு எழுந்த பரதேசி யூதர் ஆலயம் நிற்கிறது. உள்ளே நீலமும் வெண்மையுமாய்ச் சீனத்துத் தரை ஓடுகள். 18-ஆம் நூற்றாண்டில் காண்டன் நகரிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது. ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பர். நாங்களும் உட்கார்ந்து சிறிது நேரம் ஒப்பிட்டுப் பார்த்துத் தோற்றோம்.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின், இத்தெருவின் மக்கள் சிறிது சிறிதாகக் குடிபெயர்ந்து சென்றனர். வீடுகள் கடைகள் ஆயின. கடைசி வரை தெருவிலேயே இருந்தவர்களுள் சாரா கோகன் என்னும் மூதாட்டி ஒருவர். தம் வீட்டிலேயே கைத்தையற்கடை வைத்து, தொழுகைக் குல்லாய்களுக்கும் மேசை விரிப்புகளுக்கும் பூவேலை செய்து வந்தார். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைத் தாய்போல் பேணியவரும், கடையை நடத்தியவரும் முஸ்லிம் அன்பர் ஒருவர். ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தியில் எண்ணிப் பார்க்க நிறைய இருக்கிறது.

தெருவின் மற்றக் கடைகளில் பெரும்பாலானவை பழம்பொருள் கடைகள். ஆயிரம் பேருக்குச் சமைக்கத்தக்க வார்ப்புகள், வெண்கல உருளிகள், ஊஞ்சற் பலகைகள், நெல் கொட்டி வைக்கும் பத்தாயங்கள், தூண்கள், போதிகைகள். கேரள நாட்டுப் பழைய மரவீடுகள் ஆணியின்றிக் காடியும் கழுந்துமாகப் பொருத்தப்பட்டவை. ஆதலால் ஒரு வீட்டையே பகுதி பகுதியாகக் கழற்றி வேறிடத்தில் எழுப்ப முடிகிறது. சில விடுதிகள் அவ்வாறு எழுந்தவையே.

இப்பொருள்களை வாங்குவோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டோம். கடைக்காரர் மகிழ்ச்சியோடு விளக்கினார். கதவைப் படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி பதித்தால் சாப்பாட்டு மேசை. சாளரச் சட்டத்தில் ஆடி பொருத்தினால் முகம் பார்க்கும் கண்ணாடி. பத்தாயம் இருக்கையாகிறது. பாயசம் காய்ச்சிய உருளியில் நீரூற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன.

ஓரிடத்தில் எங்கள் கால்கள் நின்றன. சுவரோடு சார்த்தியிருந்த ஒற்றைக் கதவு ஒன்று. கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் கதவு. அதன் உட்புறத்தில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கோடுகள். பால்காரர் ஊற்றியதும், சலவைக்குப் போனதும், நெல் அளந்ததும் அக்காலப் பெண்கள் அவ்வாறுதான் கணக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டு உக்கிராண அறைக் கதவிலும் அவ்வாறே உண்டு. எங்கள் தாயார் பள்ளி சென்றவர் அல்லர். அந்தக் கோடுகளும் புள்ளிகளுமே அவர் எழுதி வைத்துச் சென்றவை.

“இது எந்த ஊர்க் கதவு?” என்று கேட்டோம்.

“உங்கள் பக்கத்துக் கதவுதான். செட்டிநாட்டிலிருந்து வந்தது. அந்த அழுக்கைப் பார்க்காதீர்கள். சுரண்டி, மணல்தாள் தேய்த்து, மெருகு போட்டுவிடுவோம். பிறகு விலையே வேறு!” என்றார் அவர்.

அவர் மீது குற்றம் ஏதுமில்லை. அவருக்கு அது அழுக்குத்தான். நாங்கள் மேலே பேசாமல் வெளியே வந்தோம்.

வெளியில் தமிழ்க் குரல்

மறுநாள் தங்கை எங்களை வெளி என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றாள். கோட்டைக் கொச்சியைச் சேர்ந்த அவ்விடத்தில் ஒரு பெரிய சலவைக்கூடம் இருக்கிறது. அங்கே உழைப்பவர் தமிழர். டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள். தலைமுறை பல கடந்தும் அவர்கள் வாயில் தமிழ் இருக்கிறது. கேட்டதும் எங்கள் உள்ளம் குளிர்ந்தது.

வரிசையாகத் தொட்டிகளும் துவைகற்களும். அப்பால் வெயிலில் துணிகள். கவ்வி ஒன்றுகூட இல்லை! இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகி விடுகிறார்கள். காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை. விறைப்புக்கு வடித்த கஞ்சி. இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி. நம் அடுக்குமாடி வீட்டுப் பலகணியில் மாதந்தோறும் கவ்விகளை உடைத்து எறியும் நாம் இந்த முறுக்குக் கயிற்றை இன்றே கட்டிப் பார்க்கலாம்.

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கதவுக் கணக்கைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரித்தார்.

“அம்மா, அந்தக் காலத்தில் நாங்கள் துணியில் சேங்கொட்டைக் குறி போடுவோம், வீட்டம்மாமார் கதவில் சுண்ணாம்புப் புள்ளி வைப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சண்டையில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் இரண்டு பேர் எழுதிக்கொண்ட பத்திரம் அது” என்றார்.

சேற்றில் பிறந்த பொம்மை

திரும்பும் வழியில் ஒரு கடையில் விரலளவு துணிப்பொம்மைகளைக் கண்டோம். சேக்குட்டி என்று பெயர். இதன் வரலாறு எல்லாரும் அறியத்தக்கது. கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலம் என்னும் நெசவூர் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில், ஓணத்திற்காக நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் மூழ்கின. கறை போகவில்லை, வாங்குவார் இல்லை. இலட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவர் அச்சேலைகளைக் கொதிநீரில் வேகவைத்துத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக்கிப் பொம்மை செய்யும் வழியைக் கண்டனர். ஒரு சேலையில் 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். நல்ல நிலையிலிருந்த சேலையின் விலையோ 1,500 ரூபாய்க்கு உட்பட்டதுதான்! பல இடங்களிலிருந்தும் தொண்டர்கள் பொம்மை முடிந்தார்கள். பணம் நெசவாளருக்குச் சென்றது.

அப்பொம்மையில் கறை தெரிகிறது. அதை மறைக்க முயலவில்லை. அந்தக் கறைக்காகவே மக்கள் வாங்கினார்கள். முதல் நாள் கண்ட கதவும் கடைக்காரரின் மணல்தாளும் எங்கள் நினைவுக்கு வந்தன.

அன்றிரவு தங்கையின் கணவர் லாரி பேக்கரைப் பற்றிச் சொன்னார். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த கட்டிடக் கலைஞர் அவர். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கழித்துப்போட்ட ஓடுகளைக் கான்கிரீட் தளத்தின் நடுவே வைத்துச் சிமெண்டைக் குறைத்தார். இடித்த வீடுகளின் கதவுகளையும் சாளரங்களையும் புது வீடுகளில் பொருத்தினார். மேசையாக அன்று, கதவாகவே, சாளரமாகவே.

“பழைய கதவுக்குச் செய்யும் மரியாதை அதைத் திறந்து மூடுவதுதானே?” என்றார் தங்கையின் கணவர்.

நாங்கள் செய்தது

அக்கதவை எங்களோடு கொண்டுவந்துவிடலாம் என்று முதலில் எண்ணினோம். அது இயலாது என்று அறிந்தோம். அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தனியார் எவரும் இந்தியாவிற்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. கட்டிடத்திலிருந்து கழற்றிய வேலைப்பாடுகளும் அதில் அடங்கும். ஐயம் இருந்தால் தொல்லியல் துறையில் காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும். கடைத்தெருவில் பழையனபோலப் புதிதாகச் செய்த பொருள்களும் கலந்து கிடக்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

ஊர் திரும்பியதும் வியாபாரிக்குச் சொல்லியனுப்பினோம். தலைவாசல் கதவையும் தூண்களையும் விற்றோம். அதை மறைப்பதற்கில்லை, கடன் இருந்தது. இன்று அவை காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலோ, மட்டாஞ்சேரியிலோ, எங்கே நிற்கின்றனவோ அறியோம். உக்கிராண அறைக் கதவை மட்டும் கொடுப்பதில்லை என்றோம். அதனால் வியாபாரி தொகையைக் குறைத்தார். மூத்த அண்ணன் முகம் சுளித்தார். “லாரிக் கூலி கதவின் விலையைவிடக் கூடுமே!” என்றார். அவர் சொன்னதும் உண்மையே. குறைந்த தொகையையும் கூலியையும் எங்கள் பங்கில் கழித்துக்கொள்ளச் சொன்னோம். நிலையோடு கழற்றி, வைக்கோல் சுற்றித் திருச்சியில் தம்பி கட்டிக்கொண்டிருந்த வீட்டிற்கு ஏற்றினோம். சுரண்டக்கூடாது, மெருகு போடக்கூடாது என்று தச்சரிடம் இருமுறை சொன்னோம்.

நம்மில் பலருக்கு ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பாற்ற நம்மால் ஆகாது. ஆயினும் விலை பேசும் முன் ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். கதவுகளின் வெளிப்புறத்தை வியாபாரி பார்த்துக்கொள்வார். உட்புறத்தை நீங்கள் பாருங்கள். புகைப்படம் எடுங்கள், நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உறவினரில் யாரேனும் வீடு கட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் ஊஞ்சற் பலகையும் மீண்டும் தம் தொழிலையே செய்ய ஓர் இடம் கிடைக்கக்கூடும்.

தம்பி வீட்டில் அக்கதவு இப்போது அடுக்களையை ஒட்டிய சாமான் அறைக்கு வாயிலாக நிற்கிறது. மற்றக் கதவுகளைவிட அது குட்டை. நெட்டையனான தம்பி மகன் குனிந்துதான் நுழைய வேண்டும். சென்ற வாரம் தம்பி மனைவி படம் ஒன்று அனுப்பியிருந்தாள். தாயாரின் கோடுகளுக்குக் கீழே, சுண்ணக்கட்டியால் இட்ட புதிய கோடுகள் ஏழு இருந்தன. எதற்கு என்று கேட்டோம். குடிநீர்க் குடுவை கொண்டுவருபவரின் கணக்கு என்று எழுதியிருந்தாள்.