கையோடு கொண்டுசெல்லும் மருந்து

எம்முடன் படித்தோர் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அதனால், ஒருகாலத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸிற் போவதையே பிரயாணமென எண்ணிய நாம், முதுமையிலே ஆகாய மார்க்கமாக ரொறன்ரோ சென்றுவரலானோம். கூடவே நீரிழிவும் வருகின்றது. எம் பாட்டனார் அதனைச் சலரோகம் என்பர்.

முதன்முறை புறப்பட்டபோது, இன்சுலின் வெப்பத்தாற் கெடும் என்பது மாத்திரமே நாம் அறிந்தது. ஆகவே, மருந்தையெல்லாம் உறையவைத்த குளிர்ப்பொதிகளுக்கு நடுவே அடுக்கி, பெரிய பெட்டியுள் வைத்து, கட்டுநாயக்காவில் விமானத்தின் வயிற்றுக்கு அனுப்பினோம். ரொறன்ரோவில் எடுத்துப் பார்க்கையில் மருந்து தெளிவாகவே இருந்தது. வழக்கமான அளவை ஏற்றினோம். குருதியிற் சீனியோ நாளுக்கு நாள் ஏறியது. தாகம், தளர்ச்சி, இரவெல்லாம் உறக்கமின்மை. மருமகளின் சமையலிற் குற்றங் கண்டோம்; அதனை நினைக்க இன்றும் நாணமாயிருக்கின்றது. நாலாம் நாள் வைத்தியர், மருந்தை எவ்விதம் கொண்டுவந்தீர்கள் என்றே முதலில் வினவினார். அது வழியில் உறைந்துபோயிருந்தது. உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்கு நன்றாயிருப்பினும் நம்பத்தக்கதன்று, எறிந்துவிட வேண்டியதே.

ஊர் திரும்பி இதனைக் கூறியபோது, கொட்டாஞ்சேனை வகுப்புத்தோழர், "ஐசே, நீர் கொண்டுபோனது இன்சுலினோ, பாரை மீனோ?" என்றார்.

திறவாத மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரையான குளிர் ஏற்றது. பாவனையிலுள்ளது பெரும்பாலும் நான்கு வாரமளவு அறை வெப்பத்திலேயே இருக்கலாம். 25 பாகையோ 30 பாகையோ என்பது வகையைப் பொறுத்தது. நீரில் நனைத்தால் ஆவியாதலாற் குளிரும் பையொன்று இப்பொழுது விற்கின்றனர். நம் மண்பானையின் தத்துவமே அது!

இரண்டாம் பயணத்தில் வேண்டியதிலும் இரட்டிப்பு மருந்தெடுத்து, பாதியை எம் கைப்பையிலும் பாதியை மனைவியாரின் கைப்பையிலும் வைத்தோம். ஊசிகளும் வைத்தியர் கடிதமும் உடனிருந்தன. திரவத்துக்கு 100 மில்லிலீற்றர் என்னும் விதி மருந்தைத் தடுப்பதில்லை; எனினும் அதிகாரி கேட்குமுன்னரே எடுத்துக் காட்டினோம். விமானப் பணிப்பெண், குளிர்ப்பெட்டியில் வைக்கட்டுமா என அன்போடு கேட்டார். பாரை மீன் நினைவுக்கு வந்தது, வேண்டாமென்றோம்.

கோடையில் ரொறன்ரோ கொழும்புக்கு 9½ மணி பின்தங்கியது. போகும்போது நாள் 33½ மணியாக நீளும். திரும்புகையிற் சுருங்கும், அப்பொழுது பழைய கணக்கில் ஏற்றினாற் சீனி அபாயமாகத் தாழலாம். வைத்தியரிடம் நேர அட்டவணை எழுதி வாங்கி, கைக்கடிகாரத்தைக் கொழும்பு நேரத்திலேயே ஓடவிட்டோம். உணவுத் தட்டு கண்முன் வந்த பின்னரே உணவுக்கான ஊசி; வண்டிச் சத்தம் கேட்டவுடனன்று. சட்டைப்பையிற் குளுக்கோசு வில்லைகள் இருந்தன.

ரொறன்ரோவே இன்சுலின் பிறந்த ஊர். 1921இல் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தினர். 1922 ஜனவரியிற் பொது வைத்தியசாலையிலே 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஏற்றப்பட்டது. அதற்குமுன் அத்தகைய பிள்ளைகளுக்குப் பட்டினியே சிகிச்சை. அவ்வைத்தியசாலைப் பக்கமாக நடந்தபோது பேரனுக்கு இக்கதையைச் சொன்னோம். "என் வயது, தாத்தா" என்றான்.

அந்தக் குளிர்ப்பையைக் கொட்டாஞ்சேனைத் தோழர் தம் பிரயாணத்துக்கு இரவல் வாங்கிப் போனார். தோழர் திரும்பிவிட்டார், பை இன்னும் வரவில்லை.