மூடுபனியும் ஆரஞ்சுத் தாளும்

கொடைக்கானலுக்குக் கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள் வெயிலைத் தேடி வருவதில்லை. வட்டக்கானல் சரிவில், பிற்பகல் சாயும்போது பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறுமே, அதற்காகத்தான் இ-பாஸ் எடுத்து 2,100 மீட்டர் உயரத்துக்கு வண்டியைக் கிளப்புகிறார்கள். நான் உடன்போன குழு மதுரைக்காரர்களுடையது. கேமரா பிடிப்பவர் முப்பது வயதுப் பெண். ஃபிளாஷ் ஸ்டாண்டைத் தோளில் சுமந்துவந்த இளைஞன் அவரை ‘அக்கா’ என்கிறான். அவனுடைய பையில், அலுவலகங்களில் காகிதம் வைக்கும் ஃபைல் ஒன்று. அதன் உறைகளுக்குள் ஃபிளாஷின் முகத்துக்கு அளவாக வெட்டிய வண்ணத் தாள்கள். ஜெல் என்கிறார்கள்.

மேகம் வந்து மரங்களை மூடியது. வெறும் சாம்பல் நிறம்.

“அக்கா, ஃபுல் ஆரஞ்சா, பாதியா?”

“ஃபுல்லே மாட்டு. மேகம் நீலமாகட்டும்.”

ஆரஞ்சுத் தாளை மாட்டினால் மேகம் எப்படி நீலமாகும் என்று கேட்டேன். கேமராவைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைச் சமநிலையை 3,200 கெல்வினில் வைத்திருந்தார். மஞ்சள் குண்டு பல்புக்கான அளவு அது. அந்த அளவில் பகல் வெளிச்சம் எல்லாமே நீலமாகப் பதிவாகும். ஃபிளாஷின் ஒளி சுமார் 5,500 கெல்வின். ஆரஞ்சுத் தாள் அதை 3,200-க்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. ஆகவே ஃபிளாஷ் விழும் முகம் இயல்பான நிறத்தில் நிற்க, பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் நீலமாகிறது. பின்னணியின் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தார்; நீலம் இன்னும் ஆழமானது. பையில் இருந்த நீலத் தாளை அவர் தொடவே இல்லை.

ஜெல் ஒளியில் நிறத்தைச் சேர்ப்பதில்லை. மற்ற நிறங்களைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சத்தில் விலை கொடுக்க வேண்டும். முழு ஆரஞ்சு ஏறக்குறைய பாதியை விழுங்கும். காங்கோ புளூ போன்ற கருநீலத் தாளில் நூற்றில் ஒரு பங்கு தப்பி வந்தாலே அதிகம். ஒரே சிவப்புத் தாளுக்குப் பின்னால் ஃபிளாஷைக் கூட்டினால் வெளிறிய ரோஜா நிறம்; குறைத்தால் அடர்ந்த ரத்தச் சிவப்பு. இந்தக் கணக்கு அந்த இளைஞனின் விரல்களில் இருக்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் குமிழைத் திருகிவிடுகிறான்.

இதே மலையில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்திலும் நடப்பது மற்ற நிறங்களைத் தடுக்கும் இந்த வேலைதான். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைக் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஊதாவில் மட்டும், ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பில் மட்டும் படம் எடுத்துவருகிறார்கள். மற்ற ஒளியையெல்லாம் தள்ளிவிட்டால்தான் வெள்ளை ஒளியில் மறைந்துபோகும் தழல் இழைகள் தெரிகின்றன. அங்கே சல்லடை மிக மிக நுண்ணியது. முறை ஒன்றே.

மேகம் அடர்ந்ததும், ஜோடிக்குப் பின்னால் இன்னொரு ஃபிளாஷை வைத்து மெஜந்தாத் தாள் மாட்டினார்கள். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிப்பதால், கொடுத்த நிறம் மாறாமல் காற்றிலேயே பரவுகிறது. தெளிந்த வானிலையில் இது நடக்காது. அங்கே ஒளி எதன்மேலாவது விழுந்தால்தான் நிறம் தெரியும். முன்பக்க ஃபிளாஷை மட்டும் பக்கவாட்டில், முகத்துக்கு மிக நெருக்கமாக வைத்தார்கள். கேமராவை ஒட்டி வைத்தால் இடையிலுள்ள பனி வெள்ளைச் சுவராகிவிடுமாம்.

மணப்பெண்ணின் அம்மா மெதுவாக வந்து, “பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக் காட்டும்மா” என்றார். இந்த வேண்டுகோளைக் கேட்காத கல்யாணப் படக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எத்தனை ஆல்பங்களில் எத்தனை பெண்களின் சொந்த நிறத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவே மாட்டேனென்கிறது. கேமரா பிடித்தவர் வாதாடவில்லை. ஆரஞ்சின் மேல் இன்னொரு கால்பங்கு ஆரஞ்சைச் சேர்த்து, ஃபிளாஷை இன்னும் சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொன்னார். நீலப் பின்னணியில், அந்தப் பெண்ணின் மாநிறக் கன்னத்தில் வெளிச்சம் தேனாக வழிந்தது. அம்மா கேமராத் திரையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“இதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடும்மா.”

பச்சைத் தாள் மட்டும் அந்த ஃபைலில் புதிதாகவே இருந்தது. “பச்சை மனுஷ முகத்தை நோயாளியாக்கிடும் சார். பேய்ப் படம் எடுத்தா மாட்டுவேன்” என்றார் கேமரா பிடித்தவர்.

கிளம்பும்போது இளைஞன் தாள்களை எண்ணினான். மெஜந்தாவில் கிழிந்த துண்டு ஒன்று குறைந்தது. எல்லாம் பிளாஸ்டிக், சோலைக்காட்டு மண்ணில் மக்காது. டார்ச் அடித்துப் புல்லுக்குள் தேடி எடுத்த பிறகுதான் வண்டி ஏறினார்கள்.