எயர் ஆற்றங்கரைத் தோழன்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாலபாடத்திலே படித்தோம். ஆனால் நன்றி வேறு, கீழ்ப்படிவு வேறு. இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது எயர்டேல் ரெரியர் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு நாயாகும்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிலே எயர் என்னும் ஆறு, கீத்லி, பிங்லி ஆகிய ஊர்களின் அருகாக ஓடி, நான் வாழும் லீட்ஸ் நகரை அடைகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பள்ளத்தாக்கின் உழைப்பாளர், நீர்நாயையும் எலியையும் வேட்டையாடத்தக்க நாயொன்றை விரும்பினர். சொரசொரப்பான மயிருடைய பழைய ரெரியரையும், நீந்துவதில் வல்ல வேட்டைநாயையும் கலந்து இவ்வினத்தை உண்டாக்கினர். 1886ஆம் ஆண்டில் கெனல் கிளப் இதனைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. ஆண் நாய் 23 முதல் 24 அங்குல உயரம் வளரும். முதுகிலே கரிய போர்வை, செம்பழுப்பு நிறக் கால்கள், முகத்திலே தாடி. பிரித்தானிய ரெரியர்களுள் இதுவே பெரியது. ஆதலால் ரெரியர்களின் அரசன் என்பர்.

என் மனைவி காலமான ஆண்டில் மகள் ஒரு குட்டியைக் கொணர்ந்தாள். "அப்பா, இவனை நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று கூறி மடியில் வைத்தாள். அரசன் என்ற புகழுக்கேற்ப ராசா என்று பெயரிட்டேன்.

ராசா, "வா" என்றவுடன் வருபவனல்லன். தலையைச் சாய்த்து, வருவதனால் ஆகும் பயனை ஆராய்வான். புட்டு அவியும் மணம் எழுந்தாலோ அழையாமலே வந்து நிற்பான். இதனைப் பிடிவாதம் என்பர் சிலர். முதலாம் உலகப் போரிலே, கேணல் றிச்சட்சன் என்பவர் பிரித்தானியப் படைக்குப் பழக்கிய நாய்களுள் எயர்டேல்களும் இருந்தன. செய்தி கொண்டோடும் நாய்க்குப் போர்முனையிலே வழிகாட்டுவார் எவருமிலர். குண்டுமாரியினூடே தானே வழி தெரிந்து ஓடவேண்டும். ஏவலுக்கு மாத்திரம் காத்திருக்கும் பிராணியால் அது இயலுமா? நாம் பிடிவாதம் என்பது அதன் சுயபுத்தியே.

அச்சுயபுத்தி என்னையும் ஆண்டது. துயரத்தில் கதவடைத்துக் கிடக்க அவன் இடந்தரவில்லை. மழையாயினும் பனியாயினும், காலையும் மாலையும் கழுத்துவாரைக் கவ்வியபடி கட்டிலருகே வந்து நிற்பான். ஆற்றங்கரைப் பாதையிலே முன்பின் அறியாதோர் முதலில் அவன் பெயரையும், பின்னர் என் பெயரையும் கேட்டறிந்தனர். இன்று எனக்குள்ள நண்பரிற் பலர் அவன் தேடித் தந்தவர்களே.

இந்நாயை வளர்க்க விரும்பும் அன்பர்கள் ஒன்றை மனங்கொள்ளவேண்டும். அழகுக்காக மாத்திரம் இதனை வாங்குதல் தகாது. வேலையும் ஓட்டமும் இல்லையேல் தோட்டத்தைத் தோண்டித் தன் பொழுதைத் தானே போக்கிக்கொள்ளும். வாரந்தோறும் மயிரை வாரவேண்டும். முதிர்ந்த மயிரை ஆண்டில் சில தடவை கையாற் களைதல் நன்று; கத்தரித்தால் மயிர் மென்மையடைந்து நிறமும் மங்கும்.

ராசாவுக்கு இப்பொழுது பத்து வயது. நடை தளர்ந்துவிட்டது. பாதி வழியில் நின்று, ஆற்றை நோக்கியபடி இளைப்பாறுகின்றான். நான் வாரை இழுப்பதில்லை. எழுந்து நடக்க இயலாதிருந்த காலத்தில் எனக்காகக் காத்து நின்றவன் அவன். இன்று காத்து நிற்பது என்னுடைய முறை.