சொன்ன விலை

விலை பேசுவதற்குத் தமிழில் வழங்கும் சொற்களைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். விற்பவர் விலை சொல்கிறார். வாங்குபவர் விலைக்குக் கேட்கிறார். இருவரும் ஒத்து வந்தால் விலை படிந்தது என்கிறோம். கலங்கிய நீரில் வண்டல் படிவது போலப் பேச்செல்லாம் அடங்கிய பின்னரே விலை என்ற ஒன்று உண்டாகிறது. அதுவரை இருப்பவை ஒரு சொல்லும் ஒரு கேள்வியுமே. மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய நம் முன்னோர், சொன்ன விலை ஊரார் காதில் விழாதபடி பார்த்துக் கொண்டார்கள். ஊரறியச் சொல்லிவிட்ட விலையிலிருந்து இறங்குவது எத்துணைக் கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். வீட்டுக்கு அப்படித் துண்டு போடுவாரில்லை. வீட்டுக்குச் சொன்ன விலை தேநீர்க் கடை வரை போய்விடுகிறது.

பெரம்பலூரும் அரியலூரும் நிலத்துக்கு விலை சொல்லப் பழகியது அண்மைக் காலத்தில்தான். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் பூமி ஒரு பக்கம். ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்து இன்று சுண்ணாம்புக் கல்லாகித் தொழிற்சாலைகளுக்கு இரையாகும் பூமி மறு பக்கம். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்து தனி மாவட்டமானபோது, ஆட்சியர் அலுவலகம் வருகிறது என்ற ஒரே செய்தியில் முட்புதர்களுக்கும் விலை வந்தது. அரியலூரின் கதை இன்னும் வேடிக்கையானது. 2001 ஜனவரியில் அது மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அங்கே மனை வாங்கி, ஓராண்டுக்குள் மாவட்டமே போய்விட, வாங்கிய விலையைத் தவிர வேறு விலையை வாயால் சொல்ல மாட்டேன் என்று 5 ஆண்டுகள் பிடிவாதமாக இருந்து, 2007இல் வென்றுவிட்ட ஒருவரை நாம் அறிவோம். அவருடைய வெற்றி பலரைக் கெடுத்தது. பொறுத்திருந்தால் விலை திரும்பும் என்பதற்கு அவரையே ஊரார் சான்று காட்டினார்கள். மாவட்டம் திரும்பி வந்ததால்தான் விலையும் திரும்பி வந்தது என்பதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் ஏற்றத்தின் ஆண்டுகள். பெரம்பலூருக்கு டயர்த் தொழிற்சாலை வந்தது. திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் சொல்லி ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. வாங்கியது ஆண்டுக்கணக்கில் தரிசாகவே கிடந்தது என்றாலும் விலையை ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வயல்களில் வண்ணக் கற்கள் நட்டு, வளைவு வாயில் கட்டி, நகர் என்று பெயரும் சூட்டினார்கள். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாப் பணம் வீடாக எழுந்து நின்றது. வெள்ளாற்றங்கரைத் தெருக்களில் வெயிலில் கண் கூசும் பளிங்குத் தரையும் தேக்குக் கதவுமாக நின்ற வீடுகளில் பாதிக்குப் பூட்டுத்தான் குடியிருப்பு.

நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். 2014இன் தொடக்கத்தில் மர்ஹூம் ஆனார். பெரம்பலூர் நகரில் ஓர் இரட்டை மாடி வீடு. அதுவே அவருடைய சொத்து முழுவதும். மனைவி, 3 ஆண் மக்கள், 2 பெண் மக்கள். அவர் ஹயாத்தாக இருந்த காலத்தில் யாரோ விளையாட்டாகக் கேட்டதற்கு, இந்த வீடு 64 லட்சம் போகும் என்று சொல்லியிருந்தார். பாகக் கணக்குத் தெரிந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் புன்னகை செய்வார்கள். ஷரீஅத்தின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்கும். மொத்தத்தை 64 கூறாக்கினால் தாய்க்கு 8, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. ஆகவே அந்த வீட்டில் எல்லாருக்கும் தம் பங்கு லட்சக் கணக்கில் மனப்பாடம். அரியலூரில் வாடகை வீட்டில் இருந்த, கணவனை இழந்த இளைய மகள், தனக்கு வரவேண்டிய 7 லட்சத்தை மனத்துக்குள் பலமுறை செலவழித்துப் பார்த்திருப்பாள்.

2015 பிப்ரவரியில் ஒருவர் 56 லட்சத்துக்குக் கேட்டார். மூத்த மகன் தம்மாமில் வேலை செய்தார். தொலைபேசியில் நாமே அவரிடம் பேசினோம்.

"மாமா, அத்தா 64 என்றுதானே சொன்னார்கள்? அவர்கள் வாயால் சொன்ன விலையை நான் எப்படிக் குறைப்பேன்? 2011இல் பளிங்குக்கு மட்டும் நான் 9 லட்சம் அனுப்பியிருக்கிறேன்" என்றார்.

"தம்பி, அத்தா சொன்னது அந்த ஆண்டின் விலை. பளிங்கை வாங்குபவர் பார்ப்பார், நீங்கள் அனுப்பிய 9 லட்சத்தை அவர் பார்க்க மாட்டார்" என்றோம். பயனில்லை. துபாயில் வீடுகளின் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்த செய்தியை 2009இல் நம்மிடம் கதை கதையாகச் சொன்னவரும் இவரே! அடுத்தவர் வீட்டின் விலை விழுவது செய்தி. நம் வீட்டின் விலை விழுவது அவமானம்.

இது அவரிடம் மட்டும் இருந்த குணம் அன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் அடுக்குமாடி வீடுகள் 1990களில் விற்கப்பட்ட கணக்கை ஜெனசோவ், மேயர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விலை சொன்னார்கள். கூடுதலான காலம் காத்திருந்தார்கள். முதலீட்டுக்காக வாங்கியவர்களைவிட, தாமே குடியிருந்தவர்களிடம் இந்தப் பிடிவாதம் இரு மடங்காக இருந்தது என்றும் கண்டார்கள். சிறிதளவு கூடுதல் விலை அவர்களுக்குக் கிடைக்கவும் செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் காத்திருப்புக்கு வாடகை கொடுப்பவர் யார் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இங்கே கொடுத்தவள் அரியலூரிலிருந்த தங்கை. மாதம் 4,500 ரூபாய்.

இரண்டாவது மகன் வெங்காய வியாபாரி. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தோடு வளர்ந்தவர். 56க்குக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தாம். பட்டறையில் போட்ட வெங்காயத்துக்கு விலை ஏறும் என்று காத்திருந்து, முளைத்ததையும் அழுகியதையும் கழித்துவிட்டு எஞ்சியதைக் கிடைத்த விலைக்குத் தள்ளியவருக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. "வெங்காயம் கெட்டால் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது மாமா, வீடு கெடுவது தெரிய மாட்டேன் என்கிறது" என்றார். உண்மையில் அந்த வீடு கெட்டுக்கொண்டுதான் இருந்தது. பூட்டிய வீட்டில் கறையான் ஏறிற்று. மாடித் தளத்தில் நீர் கசிந்தது. வீட்டு வரி ஏறிக்கொண்டே போயிற்று.

பிறகு நேர்ந்தவை பொதுவில் எல்லாரும் அறிந்தவை. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30க்கும் கீழே போயிற்று. வளைகுடாவிலிருந்து பணம் வருவது சுருங்கி, ஆட்கள் வருவது பெருகிற்று. வீட்டின் விலையை 62 என்று குறைத்துச் சொல்லச் சம்மதம் வந்தபோது, 50க்குக் கேட்கத்தான் ஆள் இருந்தது. அந்த மனிதரும் தம் கையிலிருந்த 3 மனைகளை விற்றே பணம் தர வேண்டியவர். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கேள்வி முறையின்றி மனைகளாவதைத் தடுக்க வந்த அந்த ஆணையில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து. ஆயினும் வண்ணக் கல்லில் சேமிப்பைப் புதைத்திருந்த சிறிய மனிதர்கள் திகைத்துப் போனார்கள். அவர் மனை விற்கவில்லை. ஆகவே இவர் வீடும் விற்கவில்லை. நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. பத்திரத்தில் ஒரு தொகையும் பைக்குள் ஒரு தொகையுமாக நடந்து வந்த வியாபாரம் அன்றிரவோடு வாயடைத்து நின்றது. பல மாதங்களுக்கு வீடு கேட்டு ஒருவரும் வரவில்லை.

2017 ஜூன் 9ஆம் நாள் தமிழ்நாடு அரசே நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. 2012இல் ஏற்றி வைத்த மதிப்பு பல தெருக்களில் நடப்பு விலைக்கும் மேலே போய்விட, இல்லாத விலைக்கு முத்திரைத் தீர்வை கட்ட மாட்டோம் என்று வாங்குவோர் ஒதுங்கி நின்றதே காரணம். சொன்ன விலையிலிருந்து இறங்கிவர அரசுக்கும் 5 ஆண்டுகள் பிடித்தன என்பதில் நமக்கு ஒரு சிறு ஆறுதல்! ஒரு கையால் இறக்கியதை மறு கையால் ஏற்றாமலும் இல்லை; 1 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 4 ஆயிற்று. தீர்வை 7, கட்டணம் 4, ஆக 11 சதவீதம். அதையும் வாங்குபவர் வீட்டு விலையில்தான் கழித்துக் கேட்டார். (2023 ஏப்ரலில் அரசு பழைய மதிப்பையே திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆகக் குறைத்தது வேறு கதை.)

இக்காலத்தில் நம் தரகர் சொன்ன ஒரு பேச்சு நமக்கு மறக்கவில்லை. "பாய், முதல் மாதம் வருகிறவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள், இது ஏன் இன்னும் விற்கவில்லை என்று பார்க்க வருகிறார்கள்." 62 ஆன விலை 58 ஆகி, 55 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் மனம் ஒப்பி இறங்கும்போது சந்தை இன்னும் இரண்டு படி கீழே போயிருந்தது. வண்டி போன பிறகு நிலையத்துக்கு வந்து, அடுத்த வண்டிக்கும் அப்படியே வருகிற பிரயாணியின் நிலை அது. 2017இன் இறுதியில் 44க்குக் கேட்டவரையும் விட்டார்கள். இன்னொரு தரகர் ஒரு யோசனை சொன்னார்; 60க்கு ஓர் ஆள் கேட்பதாக நாமே செய்தி பரப்பலாம் என்று. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதற்கு மார்க்கத்தில் நஜ்ஷ் என்று பெயர், அது தடுக்கப்பட்டது. அதைச் சொல்லி மறுத்தோம். அந்த ஊரில் அது பலிக்கப் போவதுமில்லை. 60 கொடுக்கக்கூடிய நால்வரையும் எல்லாருக்கும் தெரியும்.

முடிச்சை அவிழ்த்தவை இரண்டு. சவூதி அரசு 2017 ஜூலையிலிருந்து வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, 2018 ஜூலையில் அதை 200 ஆக்கியது. மனைவியும் 3 பிள்ளைகளுமாகத் தம்மாமில் இருந்த மூத்தவருக்கு மாதம் 800 ரியால். குடும்பத்தை ஊருக்கு அனுப்பும் நிலை வந்தபோது, பங்குப் பணம் அவருக்கும் தேவையாயிற்று. மற்றொன்று, தாயார் பேசியது. நான்கு ஆண்டுகளாக வாய் திறவாதிருந்த அந்த அம்மையார் ஒரு நாள் நம் எதிரிலேயே தொலைபேசியை வாங்கிச் சொன்னார்: "உன் அத்தா சொல்லிவிட்டுப் போனது விலைதான் தம்பி, வஸிய்யத்து அல்ல. தங்கச்சியின் ஹக்கை எத்தனை வருஷம் பூட்டி வைப்பாய்?" மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

2018 ஆகஸ்டில் வீடு 40 லட்சத்துக்குப் படிந்தது. தாய்க்கு 5 லட்சம். மகன்களுக்கு 8 லட்சத்து 75 ஆயிரம். மகள்களுக்கு 4 லட்சத்து 37 ஆயிரத்து 500. 56க்குக் கொடுத்திருந்தால் இளையவளுக்கு 6 லட்சத்து 12 ஆயிரத்து 500 வந்திருக்கும். குறைந்தது 1 லட்சத்து 75 ஆயிரம். இடைப்பட்ட 42 மாதங்களுக்கு அவள் கொடுத்த வாடகை 1 லட்சத்து 89 ஆயிரம். மூத்தவர் ஊர் வந்திருந்தபோது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். அவர் மறுக்கவில்லை, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இளையவளுக்கு அரியலூரில் ஒரு சிறு ஓட்டு வீடு பார்த்தோம். சிமெண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. அவர் சொன்ன விலை 11 லட்சம். எப்படி என்று கேட்டால், 2013இல் பக்கத்து வீடு 11க்குப் போயிற்றாம். நாம் 7க்குக் கேட்டோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இம்முறை நாம் வாங்கும் பக்கம் இருந்ததால் அவருடைய வருத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். 3 மாதங்களில் 8க்கு வந்தார். பத்திரச் செலவு 88,000. தன் பங்குப் பணத்தோடு, மற்ற மக்களின் சம்மதம் கேட்டுத் தாயார் தந்த 2 லட்சத்தையும் சேர்த்தும், இன்னும் 2 லட்சத்து 50 ஆயிரத்து 500 தேவைப்பட்டது. தம்மாமிலிருந்து 2 லட்சத்து 50 ஆயிரம் வந்து சேர்ந்தது. கடன் என்றோ அன்பளிப்பு என்றோ ஒரு சொல்லும் அதனோடு வரவில்லை. மீதி 500 ரூபாயைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அவளே தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.